அனுப்புகிறவளும் கொடுக்கிறவளும்

அக்காவுக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. மழை பெய்தால் போன வாரத்து மழையை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்துவாள். இது சரிந்து பெய்கிறது, அது நிமிர்ந்து பெய்தது என்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இரண்டு போதகர்கள் அடுத்தடுத்துப் பேசினால், வாசலில் குடையை விரிக்கும்போதே தீர்ப்பு வந்துவிடும். முன்னவர் வேதத்தைப் பார்த்துப் பேசினார், பின்னவர் கடிகாரத்தைப் பார்த்துப் பேசினார். பின்னவர் பெரும்பாலும் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பார்.

பாடகர் குழுவில் ஆர்கன் வாசித்த இரண்டு பெண்களில் ஒருத்தியின் விரல் நடக்கிறது, இன்னொருத்தியின் விரல் ஓடுகிறது என்று ஒருநாள் சொன்னாள். நடந்தவள் அதோடு ஆர்கனை விட்டுவிட்டாள். நடப்பதுதான் நல்லது என்று சொல்ல வந்தாளாம் அக்கா. பாதியைக் கேட்டுவிட்டு அழுதுகொண்டு போனால் நான் என்ன செய்வது என்று எங்களிடம் குறைப்பட்டாள். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்போதெல்லாம் எங்களுக்கு எதற்கும் சிரிப்பு வந்தது.

நாங்கள் என்றால், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரித் திடலின் சிமெண்டுப் படிகளில் சாயங்காலம் கூடுகிற நாலைந்து பேர். கருவூலத்தில் வேலை பார்த்த அக்கா, டயர்க்கடை அண்ணாச்சி, நான், வந்தும் வராமலும் இன்னும் இரண்டு பேர். யாரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே படிக்கவில்லை. ஆனால் அந்தக் கல்லூரியின் பெண்கள் வாலிபால் அணி எங்களுடையது. தோற்றால் எங்களுக்கு ராத்திரி சோறு இறங்காது. ஜெயித்தால், நாகர்கோவில் பக்கம் இருந்த எதிரிக் கல்லூரியின் ரசிகர்களுக்கு அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் ஆறுதல் செய்தி அனுப்புவார். ஆறுதல்தான். அதைவிடக் குரூரமான ஒன்றை அவருக்கு எழுதத் தெரியாது.

வாலிபாலில் செட்டர் என்று ஒருத்தி உண்டு. வருகிற பந்தை வலைக்கு மேலே தூக்கிக் கொடுப்பவள். அடிப்பவளுக்குக் கைதட்டல்; யார் அடிக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவள் இவள். ஒரு நேரத்தில் ஒருத்திதான். ஆறு பேரில் இவள் மட்டும் பந்தை விரல் நுனியில் வாங்கி, விரல் நுனியிலேயே விடுவாள். அக்காவின் கண் முழுதும் அந்த விரல்கள் மேல்தான். எங்கள் அணியில் அதுவரை ஆடிய செட்டர்களையெல்லாம் வரிசையாக வைத்திருந்தாள். ஒருத்திக்கு மணிக்கட்டு, ஒருத்திக்குப் பொறுமை, ஒருத்திக்குத் திமிர். பயிற்சி நடக்கும்போதே படியிலிருந்து சத்தமாகச் சொல்வாள். அண்ணாச்சி எதிர்த்துப் பேசுவார். அவருக்கு எப்போதும் பழைய ஆள்தான் பிடிக்கும்.

"நல்லதுன்னு ஒண்ணு கிடையாது அண்ணாச்சி," என்பாள் அக்கா. "இதைவிட அது நல்லது. அதைவிட இன்னொண்ணு நல்லது. அம்புட்டுத்தான்."

ஜூன் மாதம் வந்தால் எங்களுக்கு ஜுரம். விளையாட்டு ஒதுக்கீட்டில் எந்தக் கல்லூரி யாரைச் சேர்க்கிறது என்பதுதான் பேச்சு. எதிரிக் கல்லூரி உயரமான பிள்ளை ஒருத்தியைப் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால் அன்றைக்கு டீ கசக்கும். அக்கா சும்மா இருக்க மாட்டாள். ஊர் ஊராகப் போவாள். கொடை விழாப் போட்டி, கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைப் போட்டி, பள்ளிக்கூடப் போட்டி எல்லாவற்றிலும் தண்ணீர்ப் பாட்டிலும் குடையுமாக ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்து, கல்லூரியின் உடற்கல்வி மேடத்திடம் சொல்வாள். மேடம் கேட்பார். கேட்டதற்குக் காரணம், அக்கா சொன்னது ஒரு தடவைகூடப் பிசகியதில்லை.

ராதாபுரத்துப் பிள்ளையை அவள் கண்டது அப்படித்தான். ராதாபுரம் பக்கம் ஒரு சபையில் அசனப் பண்டிகை, ஊருக்கே பொதுச் சாப்பாடு. ஊரே பந்தியில் உட்கார்ந்திருக்க, பனைகளுக்கு நடுவே செம்மண்ணில் வலை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த மண்ணில் நடந்தாலே கால் புதையும். அதில் ஒருத்தி ஓடிப்போய்ப் பந்துக்குக் கீழே நின்றாளாம், முன்னமே அங்கே நட்டுவைத்தது போல. அக்கா சாப்பாட்டை மறந்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் துணைக்கு என்னையும் அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மகளைத் திருப்பூர் மில்லுக்கு அனுப்ப ஏற்பாடாகியிருந்தது. பந்து விளையாடி என்ன கிடைக்கும் என்று அப்பா கேட்டார். மூன்று வருஷம் படிப்பு, விடுதி, சாப்பாடு, ஒரு பைசா இல்லை என்றாள் அக்கா. நான் சொல்லுதேன் என்றாள். அந்த இரண்டாவது வாக்கியத்தை நம்பித்தான் அவர் தலையாட்டினார். முதலாவது கல்லூரி சொன்னது.

பிள்ளை சேர்ந்த அன்றைக்கு அண்ணாச்சி எல்லோருக்கும் உளுந்தவடை வாங்கினார். எதிரிக் கல்லூரிக்கு ஆறுதல் போயிற்று. அந்த வருஷம் நாங்கள் படியில் உட்கார்ந்தே பார்க்கவில்லை, நின்றுகொண்டே பார்த்தோம். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பிள்ளை நேரே அக்காவிடம் வருவாள். என்னக்கா பாத்திய என்பாள். அக்கா சொல்வாள், அவள் மறுநாள் அதை மாற்றியிருப்பாள். சொல்கிற வாயும் கேட்கிற காதும் அப்படி ஒட்டிக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அடுத்த ஜூன். மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம். எஸ்டேட் பிள்ளை ஒருத்தி, கீழே விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள், பாபநாசத்தில் ஆடியதை அக்கா பார்த்துவிட்டாள். அவள் ஆடியதைச் சொல்லும்போது அக்காவின் குரல் இறங்கிப்போயிருந்தது, கோயிலுக்குள் பேசுவது போல. எதிரிக் கல்லூரியும் மோப்பம் பிடித்துவிட்டது. அதனால் மலைமேல் போகிற பஸ்ஸில் ஏறினோம். பஸ் வளைந்து வளைந்து ஏறியது; காது அடைத்தது; குளிர் கையைத் தொட்டது.

அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். லயத்து வரிசை வீட்டின் வாசலில் ஒரு சின்ன லாரி. துணி மூட்டைகளையும் தலையணைகளையும் அப்பா உள்ளிருந்து எறிய, அந்தப் பிள்ளை வாங்கி, லாரி மேல் நின்ற தம்பிக்குத் தூக்கிப்போட்டுக்கொண்டிருந்தாள். எதையும் நெஞ்சோடு அணைத்து வாங்கவில்லை. எல்லாம் நெற்றிக்கு மேலே, விரல் நுனியில். அம்மா அடுப்பு இருந்த இடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார், இனி யாரும் வந்து சமைக்கப் போவதில்லை என்று தெரிந்தும். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பாரு தம்பி, பாரு, என்றாள். பார்த்தேன். மூன்று தலைமுறை மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பிள்ளையும் சேர்ந்தாள். அவள் அப்பாவுக்கு அண்ணாச்சி தன் டயர்க்கடையில் வேலை கொடுத்தார், கடைக்குப் பின்னால் ஓர் அறையும். வடை வந்தது. ஆறுதல் போனது. ஒரே அணியில் இரண்டு பெரிய செட்டர்கள், எந்தக் கல்லூரிக்கும் இல்லாத அதிர்ஷ்டம் என்று கொண்டாடினோம். ஒரு நேரத்தில் ஒருத்திதான் ஆட முடியும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. கொண்டாட்டத்தில் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தோம்.

ஒரு வாரம் இருவரும் மாறி மாறிப் பயிற்சி ஆடினார்கள். அக்கா வழக்கத்துக்கு மாறாக வாய் திறக்கவில்லை. அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன யக்கா, தீர்ப்பு தள்ளிப் போவுது?"

அக்கா கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ராதாபுரத்துப் பிள்ள பந்தை அனுப்புதா. மாஞ்சோலப் பிள்ள பந்தைக் குடுக்குதா."

அவ்வளவு சரியாக இருந்தது அது. பிறகு நாங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தோம். மறுநாள் வேறு யாரோ சொன்னார்கள். இரண்டு நாளில் உடற்கல்வி மேடமே பிள்ளைகளை நிற்க வைத்து, பந்தை அனுப்பாதே, கொடு என்றார். ராதாபுரத்துப் பிள்ளை படியைப் பார்த்தாள். அது யாருடைய வாக்கியம் என்று அவளுக்குத் தெரியாதா.

அதன்பிறகு மேடம் அவளைக் களத்தில் இறக்கவில்லை. ஓரத்தில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் முடிந்து அக்காவிடம் வருவது நின்றது. அந்த வருஷக் கடைசியில், களத்தில் ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் இலவச விடுதி என்று கல்லூரி சொல்லிவிட்டது. அக்கா போய் மேடத்திடம் மன்றாடினாள். ரெண்டு பேரும் வேணும் மேடம், ஒண்ணுக்கொண்ணு குறைச்சல் இல்ல என்றாள். நீங்கதானே குறைச்சல்னு சொன்னீங்க என்று மேடம் திருப்பிக் கேட்டார். பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனாள். இரண்டு வருஷம் முடித்த படிப்பு பாதியில் நின்றது.

அக்கா ஒரு தடவை ராதாபுரம் போய்விட்டு வந்தாள். அந்த அப்பா காப்பி கொடுத்து உபசரித்தாராம், ஒன்றும் கேட்கவில்லையாம். அவரு கேட்டிருக்கலாம் தம்பி, என்றாள் என்னிடம். அதற்குப் பிறகு அவள் மழையைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. வெயிலாக இருந்தால் வெயில், மழையாக இருந்தால் மழை. எங்களுக்குப் படியில் உட்காரவே என்னவோ போல் இருந்தது. வாயாடி ஒருத்தி மௌனமானால் அந்த இடத்தில் மற்றவர்களின் சத்தம் அசிங்கமாகக் கேட்கும்.

அடுத்த ஜூனில் எதிரிக் கல்லூரி ராதாபுரத்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டது, மறுபடி முதல் வருஷத்திலிருந்து. இந்தத் தடவை ஆறுதல் எங்களுக்கு வந்தது. அண்ணாச்சி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது.

பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளின் இறுதிப் போட்டி எங்கள் திடலில் நடந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும். ஜெயிப்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று அன்றைக்கு இருந்தது. பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அணியில் செட்டராக ஆடிவிட்டால் போலீஸிலோ ரயில்வேயிலோ வேலைக்கு வழி பிறக்கும். ஒரு பிள்ளைக்கு வீடு போயிருந்தது. இன்னொருத்திக்குப் படிப்பு ஒருமுறை போயிருந்தது. இடம் ஒன்று.

ஆட்டத்துக்கு முன்னால் ராதாபுரத்துப் பிள்ளை படியேறி வந்தாள். வேற்றுக் கல்லூரியின் நீலச் சட்டையில் அவள் இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

"நல்லா இருக்கியளாக்கா? இன்னைக்கு யாருக்குக் கத்துவிய?"

"யாருக்கும் கத்த மாட்டேன் பிள்ள. பாரு." அக்கா முந்தானையிலிருந்து ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து வாயில் அடக்கிக் காட்டினாள். பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள். அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருந்ததா என்று நான் யோசித்தேன். அக்காவும் அதையேதான் யோசித்திருப்பாள்.

முதல் செட்டை அவர்கள் எடுத்தார்கள். ராதாபுரத்துப் பிள்ளை மாறிவிட்டிருந்தாள். பந்து அவள் விரலில் ஒரு மூச்சு நேரம் தங்கி, பிறகு எங்கே போகிறது என்று எங்கள் தடுப்பாட்டக்காரிகளுக்குத் தெரியாமலே போனது. முன்னால் போடுவாள் என்று எம்பினால் பின்னால். பின்னால் என்று ஓடினால் முன்னால். மேஜையில் இருந்தவர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டார்கள். மாஞ்சோலைப் பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. கீழே கம்பி வேலி ஓரத்தில், கையில் டயர்க் கரியோடு வேலையிலிருந்து அப்படியே வந்துவிட்ட அவள் அப்பா வலையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது செட்டின் நடுவில் கருப்பட்டி கரைந்துவிட்டது.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அதை நான் எங்கும் சத்தியம் செய்வேன். உதடு அசைந்தது, அவ்வளவுதான். தூக்கத்தில் பேசுகிறவர்கள் மாதிரி, பரவசத்தில் தனக்குத்தானே.

"பின்னால போடுததுக்கு முந்தி குதிங்கால் எந்திக்குது."

எனக்குக் கேட்டது. எனக்குக் கேட்டதென்றால் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணாச்சிக்கும் கேட்டிருக்கும். அவர் எழுந்து தண்ணீர்ப் பாட்டில்களை அள்ளிக்கொண்டு கீழே போனார். ஒவ்வொரு ஆட்டத்திலும் போவதுதான். அக்கா கண்ணைத் திருப்பவில்லை. நான் அவரைப் பார்த்தேன், அவர் எங்கள் அணித் தலைவியிடம் குனிந்து பேசியதையும் பார்த்தேன். எங்கள் அணி தோற்றுக்கொண்டிருந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ராதாபுரத்துப் பிள்ளை பின்னால் போட்ட பந்தெல்லாம் சுவரில் மோதியது போலாயிற்று. குதிகால் எழும்பியதுமே எங்கள் பிள்ளைகள் அங்கே நின்றார்கள். பந்து திரும்பித் திரும்பி அவர்கள் பக்கமே விழுந்தது. ராதாபுரத்துப் பிள்ளை தன் கைகளை விரித்துப் பார்த்தாள், ஒருமுறை, இருமுறை. தவறு கையில்தான் என்று நினைத்தாள். அக்கா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு அவள் முதுகு மெல்ல வளைந்தது.

நாங்கள் ஜெயித்தோம். மைக்கில் பல்கலைக்கழக அணியை வாசித்தார்கள். செட்டர், மாஞ்சோலைப் பிள்ளை. அவள் அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் தலையைத் தடவினாள். அந்தத் தடவலில் பொய் இல்லை. அதுதான் கஷ்டம்.

அண்ணாச்சி வடைப் பொட்டலத்தோடு வந்தார். "யக்கா கண்ணு இருக்கே, அது கண்ணு இல்ல வே, எக்ஸ்ரே," என்றார் என்னிடம். அக்கா அவரைப் பார்த்தாள். அவர் குரல் தணிந்தது. "இந்தப் பிள்ளைக்கு வீடு இல்லலா யக்கா. ஒருத்திக்காவது நடந்துருக்குலா."

"நடந்திருக்கு அண்ணாச்சி," என்றாள். வடையை வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை. எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். நான் பின்னால் போனேன்.

எதிரிக் கல்லூரியின் பஸ் வாசலில் நின்றது. மற்றவர்கள் ஏறிவிட்டிருந்தார்கள். ராதாபுரத்துப் பிள்ளை பையைத் தோளில் மாட்டியபடி கடைசியாக வந்தாள். அக்கா அவள் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க, எல்லாவற்றையும் சொன்னாள். குதிகால், தன் வாய், அண்ணாச்சியின் தண்ணீர்ப் பாட்டில். எதையும் மறைக்கவில்லை, தன் பக்கம் சாய்க்கவும் இல்லை. ஏட்டி, என்னை என்ன வேணாலும் கேளு என்றாள்.

பிள்ளை தன் காலைப் பார்த்தாள். ஷூவுக்குள் குதிகாலை மெல்ல எழுப்பி, இறக்கிப் பார்த்தாள்.

"எனக்கே தெரியாதுக்கா. எங்க கோச்சும் சொன்னதில்ல." நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் அதற்குள் வேறொன்று விழித்துக்கொண்டிருந்தது. "மாத்திக்கிடுதேன். அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாவல்லா. வேற என்ன தெரியுது? சொல்லுங்க."

அக்காவின் உதடு பிரிந்தது. மூடிக்கொண்டது.

"சொல்லுங்கக்கா. முந்தியெல்லாம் சொல்லுவியல்லா."

டிரைவர் ஆரன் அடித்தார். பிள்ளை ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபடியே நின்றாள். அக்கா தலையை இடமும் வலமுமாக அசைத்தாள். ஒன்றும் இல்லை என்றா, என்னால் முடியாது என்றா, இனி மாட்டேன் என்றா. பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டாளோ. முகம் மெல்ல மூடிக்கொண்டது. சரிக்கா என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அப்போதுதான் அக்கா பேசத் தொடங்கினாள். மார்க்கெட் வழியாக நாங்கள் நடந்தோம். அவள் நிறுத்தவே இல்லை. பந்து வருததுக்கு முந்தி அடிக்கப் போறவளை ஒரு தடவை பாத்துருதா, அதை விடணும். இடது முழங்கை விரியுது. களைச்சுப்போனா எல்லாப் பந்தையும் உயரமாப் போடுதா. தப்பு நடந்தா அடுத்த பந்தை அவசரமா விடுதா, அவசரப்படக்கூடாது, அந்தப் பந்துதான் ஆட்டம். அவளுக்கு நடுவிரல்தான் பலம், அதை நம்பணும். பூக்கடைகளைத் தாண்டினோம். எதிரே வந்தவர்கள் விலகிப் போனார்கள். யாரோடும் அவளை ஒப்பிடவில்லை. அத்தனை வருஷத்தில் முதல்தடவையாக ஒரே ஒருத்தியை மட்டும் தனியாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

போனில் சொல்லிவிடலாமே அக்கா என்றேன்.

நின்றாள். "என் வாயில இருந்து வந்த எது அந்தப் பிள்ளைக்கு நல்லது செஞ்சிருக்கு தம்பி?"

அப்படியில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளை இப்போது கேட்டது உன் வாயைத்தான் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு அக்கா ஓய்வு பெற்று நாசரேத் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். படியில் அவள் இடத்தில் இப்போது அண்ணாச்சி பையை வைக்கிறார். ராதாபுரத்துப் பிள்ளை இன்னும் எதிரிக் கல்லூரியில்தான் ஆடுகிறாள். அவளுடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. முழங்கை, அவசரம், நடுவிரல், எல்லாம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அடுத்த வாரம் அவர்கள் எங்கள் திடலுக்கு ஆட வருகிறார்கள். நான் இன்னும் எங்கள் அணியின் ஆள்தான்.